மாமாவின் காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஊசித்துளை வழியாக அடைப்பைத் திறக்க முடியுமா?

#1 டோங்காட்_செல்வி

வணக்கம். நான் மதுரைக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டோங்காட்டுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் தமிழில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் கேட்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

மாமாவுக்கு 71 வயது. கரும்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆலையை நான் விட்டுவிட்டேன், சர்க்கரை என்னை விடவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆறு வாரம் முன்பு புதுச் செருப்பு கடித்து வலது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. அது கருத்து, இப்போது பக்கத்து விரலும் கருக்கிறது. பாதம் ஜில்லென்று இருக்கிறது. ராத்திரியில் படுத்தால் வலி தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று இரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுத்துவிட்டார்கள். ஆஞ்சியோ என்கிற ரத்தக்குழாய்ப் படம் எதுவும் எடுக்கவில்லை. என் தம்பி மதுரையிலிருந்து போனில், ‘அக்கா, தொடையில் ஊசி போட்டு பலூன் வைத்துத் திறப்பார்களே, கேட்டுப் பார்’ என்கிறான். மாமாவோ எடுத்துவிடட்டும், பிள்ளைகளுக்கு ஏன் சிரமம் என்கிறார். அத்தை வாயே திறக்கவில்லை. யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா?

#2 மிட்ரண்ட்_முரளி

செல்வி அக்கா, முதலில் இதைச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா? விரலில் சீழ், நாற்றம், பாதத்தில் சிவந்த வீக்கம் ஏதாவது உண்டா? அப்படி இருந்தால் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்காமல் இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள். என் சித்தப்பாவுக்கு அந்தக் கட்டத்தில் காலை எடுத்ததுதான் உயிரைக் காப்பாற்றியது.

#3 டோங்காட்_செல்வி

காய்ச்சல் இல்லை, தம்பி. விரல் காய்ந்து, கருகிப்போன மிளகாய் மாதிரி இருக்கிறது. சீழ் இல்லை, நாற்றமும் இல்லை.

#4 கதிர்_வள்ளி

நான் டர்பனில் ரேடியோகிராபர். பதினான்கு வருஷமாக ஆஞ்சியோ அறையில் நிற்கிறேன், பாதி நேரம் ஈயக் கவசத்தைச் சுமந்துகொண்டு. நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தம்பி சொல்வது சரி. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று அதற்குப் பெயர். தமிழில் இடையீட்டுக் கதிரியல் என்று எழுதுகிறார்கள், எனக்கென்னவோ டிவியில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ போடுவதுதான் நினைவுக்கு வருகிறது. விஷயம் இதுதான்: உடம்பைக் கிழித்துத் திறக்காமல், எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி இவற்றில் உள்ளே பார்த்துக்கொண்டே, மெல்லிய கம்பியையும் குழாயையும் அனுப்பி வேலையை முடிப்பது. கல்லீரல் கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைப்பது, கர்ப்பப்பைக் கட்டியைச் சுருங்க வைப்பது, சீழை வடிப்பது, டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய் (ஃபிஸ்டுலா) சுருங்கினால் விரிப்பது என்று எல்லாமே இதில் வரும்.

ஆனால் இந்தத் துறை பிறந்ததே ஒரு காலால்தான். 1964 ஜனவரி 16, அமெரிக்காவில் போர்ட்லேண்ட். 82 வயதுப் பாட்டி, கால்விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், முடியவே முடியாது என்று பாட்டி மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட், தொடை ரத்தக்குழாயில் இருந்த சுருக்கத்தை ஒன்றைவிட ஒன்று பருமனான டெஃப்லான் குழாய்களை நுழைத்து விரித்தார். பாதம் சூடானது, புண் ஆறியது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாட்டி தன் காலிலேயே நடந்தார். டாட்டரைப் பைத்தியக்காரர் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு சர்ஜன் தன் நோயாளியை ஆஞ்சியோவுக்கு அனுப்பும்போது, ‘படம் மட்டும் எடு, சரிசெய்ய முயலாதே’ என்று சீட்டிலேயே எழுதி அனுப்பினாராம். பலூன் அப்புறம் வந்தது. 1974இல் ஜூரிக்கில் குருன்ட்சிக் என்பவர் காலில் பயன்படுத்தினார், 1977இல் இதயத்துக்குக் கொண்டுபோனார்.

இப்போது மாமா விஷயம். படுத்தால் வலி, தொங்கப் போட்டால் நிம்மதி என்றால் பாதத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். புவியீர்ப்பு கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவுதான். ரத்தக்குழாயின் வரைபடத்தைப் பார்க்காமல் காலை எடுக்கத் தேதி குறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதைக் கை அழுத்தத்தால் வகுத்தால் வருவது ஏபிஐ. 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு. ஆனால் சர்க்கரைக்காரர்களிடம் இந்த எண் பொய் சொல்லும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்டால் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது, 1.4க்கு மேல் காட்டும். ‘பிரஷர் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கால் கட்டைவிரல் அழுத்தம் கேளுங்கள். 30க்குக் கீழே போனால் ஆபத்து.

#5 சந்தேகசாமி

வள்ளி அம்மா எழுதியது கதையாகப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில் இந்த ஊரில் பலூன் போடுவது ஒரு வியாபாரம். போடுவான், ஆறு மாதத்தில் மறுபடி அடைக்கும், மறுபடி போடுவான், கடைசியில் கால் போகும், பணமும் போகும். நல்ல கால் நரம்பை, அதாவது சிரை ரத்தக்குழாயை, எடுத்து அடைப்பைத் தாண்டி மாற்றுவழி தைத்து பைபாஸ் செய்தால் வருஷக்கணக்கில் ஓடும். 2022இல் பெஸ்ட்-சிஎல்ஐ என்று 1,830 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்ததே, அதில் நல்ல நரம்பு இருந்தவர்களுக்கு பைபாஸ்தானே மேல் என்று வந்தது? பெரிய பிரச்சினையோ மரணமோ பைபாஸில் 42.6 சதவீதம், பலூன் பக்கம் 57.4. இதை ஏன் சொல்லவில்லை?

#6 கதிர்_வள்ளி

சொல்லியிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே ஆய்வில் நல்ல நரம்பு இல்லாதவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த வருஷமே, 2023இல், பாசில்-2 வந்தது. 345 பேர், எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே உள்ள குழாய்களில் சிகிச்சை தேவைப்பட்டது. அதில் காலை இழந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து நரம்பு பைபாஸில் 63 சதவீதம், பலூனை முதலில் செய்தவர்களில் 53. தலைகீழ். சர்க்கரைக்காரர்களுக்கு அடைப்பு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான்.

இரண்டிலும் எண்கள் எவ்வளவு மோசம் என்று பாருங்கள். கறுத்த விரலோடு வருபவர் இதயமும் சிறுநீரகமும் கெட்ட நிலையில்தான் வருகிறார்.

மறுபடி அடைக்கும் என்பது உண்மைதான். முழங்காலுக்குக் கீழே சில மாதங்களிலேயே சுருங்குவது சகஜம். ஆனால் ஆறாத புண்ணுக்கு நிறைய ரத்தம் வேண்டும், ஆறிய பாதத்துக்குக் கொஞ்சம் போதும். அந்தச் சில மாதத்தில் புண் மூடிவிட்டால், அப்புறம் குழாய் சுருங்கினாலும் பல பேருக்குக் கால் தாக்குப்பிடிக்கிறது. கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் லாரி வாங்குகிற மாதிரி. தினமும் லாரி வர வேண்டியதில்லை.

#7 மேர்பேங்க்_தாத்தா

என் தமிழ் மேர்பேங்க்கில் ராத்திரிப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இடது கால் இல்லை. 2009. தைப்பூசக் காவடி. நம் ஊரில் தை மாதம் நல்ல வெயில் காலம், தார் ரோடு அடுப்பு மாதிரி. வெறுங்காலில் நடந்தேன். எல்லோரும் குதித்துக் குதித்து நடக்கிறார்கள், நான் மட்டும் ஜம்மென்று நடக்கிறேன். முருகன் அருள் என்று பெருமைப்பட்டேன். வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் மகள் பார்த்து அலறினாள், உள்ளங்கால் தோல் முழுக்கப் பிய்ந்திருந்தது. சர்க்கரை என் கால் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது, எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கட்டு மாற்றினார்கள். ஒரு நாள் காலையில் வந்து எடுக்க வேண்டும் என்றார்கள், சாயங்காலம் எடுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய் படம் யாரும் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை. டாக்டர் சொன்னால் சரி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்றும் ராத்திரியில் இல்லாத பெருவிரல் அரிக்கிறது. சொறிய இடமில்லை.

தங்கச்சி, உன் மாமா ‘எடுத்துவிடட்டும்’ என்று சொல்வதை நம்பாதே. நானும் அப்படித்தான் சொன்னேன்.

#8 கேப்டவுன்_குமார்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். இந்த ஊசித்துளை வைத்தியத்தில் பாதி சிடி இல்லாமல் நடக்காது. அந்த சிடியின் விதை விழுந்தது நம் நாட்டில். ஜோகன்னஸ்பர்க்கில் 1924இல் பிறந்த ஆலன் கார்மக், கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வாத்தியார். 1956இல் க்ரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரியில் இயற்பியலாளர் வேலையை விட்டுப் போனதால், இவரைப் பகுதி நேரம் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே கதிர் சிகிச்சைக்குக் கணக்குப் போடுவதைப் பார்த்து, உடம்பு முழுக்க ஒரே மாதிரிப் பொருள் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்களே என்று அவருக்கு உறுத்தியது. அலுமினியத் தட்டைச் சுற்றி மரவளையம் வைத்து, கதிரை இடம் மாற்றி மாற்றிச் செலுத்தி, உள்ளே இருப்பதைக் கணக்கால் கண்டுபிடித்தார். 1963, 1964இல் கட்டுரை போட்டார், யாரும் சீந்தவில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் அவருக்கே வேடிக்கையாக இருந்தது ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததுதான். 1979இல், சிடி கருவியைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்ந்து நோபல். அதே ஆஸ்பத்திரியில் 1967இல் பார்னார்ட் இதயம் மாற்றியது எல்லோருக்கும் தெரியும். கார்மக்கை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

#9 மிட்ரண்ட்_முரளி

குமார் அண்ணா, அருமை, ஆனால் அக்காவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

அக்கா, மெடிக்கல் எய்ட் (மருத்துவச் செலவுத் திட்டம்) இருக்கிறதா? இருந்தால் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி எல்லாத் திட்டமும் கொடுத்தே ஆக வேண்டிய சிகிச்சைப் பட்டியல் ஒன்று இருக்கிறது, பிஎம்பி என்பார்கள். 1998 மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் வருவது. மலிவுத் திட்டம், ஆஸ்பத்திரி மட்டும் உள்ள திட்டம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. டாக்டரிடம் காலை இழக்கும் ஆபத்து என்று தெளிவாக எழுதி, சரியான ஐசிடி (நோய்க்கான) குறியீடு போட்டு, சிகிச்சை ஏன் அவசியம் என்று மோட்டிவேஷன் கடிதம் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் புகார் போடலாம். அவர்கள் சொல்கிற ஆஸ்பத்திரிக்கே போனால் கைக்காசு குறையும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

#10 டோங்காட்_செல்வி

எல்லோருக்கும் நன்றி. மேர்பேங்க் ஐயா எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். தமிழ் பேச்சு புரியும் அவருக்கு. கேட்டுவிட்டு, ‘அந்த மனுஷன் எந்தக் கோயில் காவடி?’ என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் சட்டை போட்டு ரெடியாக உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் திட்டத்தில் மாமா சார்ந்தவராக இருக்கிறார். வாஸ்குலர் சர்ஜனிடம் போனோம். ஏபிஐ 1.5 வந்தது! வள்ளி அக்கா சொன்ன பொய் எண். கட்டைவிரல் அழுத்தம் 24. ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்த்துவிட்டு, பைபாஸுக்கு நரம்பு சரியில்லை, இதயமும் தாங்காது, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டோடு சேர்ந்து பலூன் முயற்சி செய்யலாம் என்றார். உறுதி எதுவும் தரவில்லை. இரண்டு விரல் எப்படியும் போகும் என்றும் சொல்லிவிட்டார். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், அதுதான் பயமாக இருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மாமா டாக்டரிடமே கேட்டார், லோட்ஷெட்டிங் பார்த்த மனுஷன்.

#11 கதிர்_வள்ளி

ஜெனரேட்டர் உண்டு, மாமாவிடம் சொல்லுங்கள். கம்பி உள்ளே இருக்கும்போது விளக்கு அணைந்தால் அவரைவிட எங்களுக்குத்தான் முதலில் வியர்க்கும்.

படத்துக்குப் போடும் அயோடின் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பது நியாயமான பயம். குறைவாகப் போடச் சொல்லலாம். தொடைப் பகுதிக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தே படம் எடுக்கும் முறையும் இருக்கிறது, அது ரத்தத்தில் கரைந்து மூச்சில் போய்விடும். மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறாரா? எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன், பயம் குறையும். மயக்க மருந்து பெரும்பாலும் இல்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்துவார்கள், அந்த ஊசி வழியாகக் கம்பி, கம்பியின் மேல் ஷீத் என்கிற சிறு குழாய். 1953இல் ஸ்வீடன்காரர் செல்டிங்கர் சொல்லிக் கொடுத்த வித்தை, இன்றும் அதேதான். மருந்து போடும்போது காலுக்குள் வெந்நீர் ஊற்றிய மாதிரி சுரீர் என்று இருக்கும், அப்போது அசையக்கூடாது. திரையில் எலும்பை அழித்துவிட்டு ரத்தக்குழாயை மட்டும் காட்டுவோம், மழைக்குப் பின் மணலில் ஓடும் ஓடைகள் மாதிரி தெரியும். அடைத்த இடத்தில் ஓடை சட்டென நின்றுவிடும். அங்கேதான் பொறுமை வேண்டும். அந்தக் கம்பி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினான்கு பங்கு கனம். பூச்சரத்தில் நார் நுழைப்பது போல விரல் நுனியில் உருட்டி உருட்டி அனுப்புவார்கள். தாண்டிவிட்டால் பலூன் இரண்டு நிமிஷ வேலை. கம்பி தாண்ட மறுத்து, ஒன்றரை மணி நேரம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களும் உண்டு, முடியாமல் விட்டுவிட்டு வந்த நாட்களும் உண்டு.

#12 சந்தேகசாமி

மருந்து தடவிய பலூன் போட்டால் ஆள் சீக்கிரம் இறப்பார் என்று ஒரு சர்ச்சை இருந்ததே, அதையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

#13 கதிர்_வள்ளி

2018 டிசம்பரில், பலூனில் தடவும் பாக்லிடாக்செல் மருந்து பற்றி வந்த பகுப்பாய்வு. உலகம் முழுக்கப் பயந்து போனோம், அலமாரியில் இருந்ததைத் தொடவே யோசித்தார்கள். முழுத் தரவையும் பார்த்த பிறகு 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கூடுதல் மரண ஆபத்து இல்லை என்று எச்சரிக்கையைத் தளர்த்தியது. கேட்பதில் தவறில்லை, கேளுங்கள்.

#14 டோங்காட்_செல்வி

நேற்று முடிந்தது. இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம். தொடையில் ஒரு சுருக்கம், அதை மருந்து பலூனால் விரித்தார்கள். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாயில் இரண்டு மூடியிருந்ததாம். முன்பக்கக் குழாயைத் திறந்துவிட்டார்கள். பின்பக்கத்தில் கம்பி போகவே இல்லை, முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். ஸ்டென்ட் எதுவும் இல்லை. ஒன்று பாதம் வரை நேராகப் போகிறது, இப்போதைக்குப் போதும் என்றார் டாக்டர்.

நாலு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும் என்றதும் மாமாவுக்குக் கோபம். வெந்நீர் ஊற்றிய மாதிரி என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால், உள்ளே, ‘வள்ளி சொன்னது வந்துவிட்டது’ என்றாராம். ரேடியோகிராபர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

#15 மிட்ரண்ட்_முரளி

அப்பாடா. தொடை இடுக்கைப் பார்த்துக்கொண்டே இருங்கள் அக்கா. வீக்கம் பெரிதானாலோ ரத்தம் கசிந்தாலோ இடுப்பு, முதுகுப் பக்கம் வலித்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

#16 டோங்காட்_செல்வி

மூன்று வாரமாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

தொடை இடுக்கிலிருந்து முழங்கால் வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போனது. வீக்கம் இல்லை, தானாகவே மஞ்சளாகி மறைந்தது. கிரியாட்டினின் மூன்றாம் நாள் ஏறி, அப்புறம் பழைய இடத்துக்கே இறங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு விரலையும் எடுத்தார்கள். சர்ஜன் வெளியே வந்து, ‘வெட்டினேன், நன்றாக ரத்தம் வந்தது’ என்று சந்தோஷமாகச் சொன்னார். ரத்தம் வந்ததற்குச் சந்தோஷப்படும் குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். புண் ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்கிறது, இன்னும் மூடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்திருக்கிறார்கள். மாமா சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், கராஜ் பக்கம் வாசனை வேறு மாதிரி சொல்கிறது.

படுத்துத் தூங்குகிறார். முதல் நாள் ராத்திரி அத்தை மூன்று முறை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாராம், அவ்வளவு நாள் கழித்துப் படுத்த ஆளைப் பார்ப்பதால்.

#17 சந்தேகசாமி

நல்லது. ஆறு மாதம் கழித்து வந்து எழுதுங்கள், அப்போது பேசலாம். கேலியாகச் சொல்லவில்லை.

#18 கதிர்_வள்ளி

அவர் சொல்வது சரிதான். புண் மூடும் வரை டாப்ளருக்கு விடாமல் கூட்டிப் போங்கள். மறுபடி கருத்தாலோ ராத்திரி வலி வந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

#19 மேர்பேங்க்_தாத்தா

உன் மாமா கேட்டாரே, கிளேர்வுட் கோயில் காவடி. இனிமேல் அவருக்கு வெறுங்கால் கிடையாது, கோயில் உள்ளே கூட. நான் ஐயரிடம் கேட்டேன், உணர்ச்சி இல்லாத காலுக்குத் துணிச்செருப்பு போட்டால் முருகன் கோபிக்க மாட்டார் என்றார்.

#20 டோங்காட்_செல்வி

ஐயா, அதைச் சொன்னதும் தலையாட்டினார்.

இன்னொன்று. நேற்றுக் கட்டு மாற்றும்போது அத்தை இரண்டு பாதத்தையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இப்ப இடது கால்தான்டி ஜில்லுன்னு இருக்கு’ என்றார். நாங்கள் எல்லோரும் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். புதன்கிழமை இடது காலுக்கும் டாப்ளர் கேட்டு வாங்கியிருக்கிறேன். வந்து எழுதுகிறேன்.

அந்தத் துணிச்செருப்பு எங்கே கிடைக்கும் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள் ஐயா. மாமாவுக்கு அளவு 9. வலது பக்கம் கட்டோடு போட வேண்டும், அதனால் 10 இருந்தால் நல்லது.